பூசின மாதிரியும் இருக்கணும், பூசாத மாதிரியும் இருக்கணும்

செமஸ்டர் முடிந்தது. அரியர் எத்தனை என்பது ஆண்டவனுக்கும் ஆன்சர் பேப்பருக்கும் மட்டுமே தெரிந்த ரகசியம். அந்தக் கவலையை ஓரமாக வைத்துவிட்டு இன்றைக்கு ஈயத்தைப் பற்றி எழுதப் போகிறேன். ஹாஸ்டல் சாம்பார், ரயிலில் தொலைத்த செருப்பு என்று எழுதிக்கொண்டிருந்தவனுக்கு என்ன ஆச்சு என்று யோசிக்காதீர்கள். ஆனதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

போன லீவில் இன்பிளான்ட் ட்ரெயினிங் போக வேண்டியிருந்தது. கூடப் படிக்கிறவர்கள் எல்லாம் ஏசி போட்ட பெரிய கம்பெனிகளுக்குப் போனார்கள். சிபாரிசு இல்லாத எனக்குக் கிடைத்தது, கோயம்புத்தூரில் பழைய கார்களைப் புதுப்பிக்கும் ஒரு ஷெட். தகரக் கூரை, ஒரு வேப்பமரம், நாலு கார், மூன்று பேர். அதில் ஒருவர் டிங்கர் மேஸ்திரி. அறுபதை நெருங்கும் வயது. என்னை முதல் நாள் பார்த்ததும் கேட்டது ஒரே கேள்விதான். "படிக்கற பையனா? சரி கண்ணு, கையில அழுக்கு ஆனா அழுவ மாட்டியே?"

அப்போது ஷெட்டில் நின்றது 1951-ம் வருடத்து செவர்லே. ஜெனரல் மோட்டார்ஸ் 1928-லிருந்து 1954 வரை பம்பாயில் கார்களைப் பூட்டி விற்றுக்கொண்டிருந்தது. அந்தக் காலத்தில் நம் ஊர்ப்பக்கம் மில் முதலாளிகளும் டாக்டர்களும் ஓட்டிய ஜாதி. மேலே ஏழெட்டுக் கோட் பெயின்ட். ரிமூவர் தடவிச் சுரண்டிக்கொண்டே வந்தோம். கூரையும் பின்பக்கத் தகடும் சேரும் இடத்தில் ஒரு கை அகலத்துக்கு நிறம் மாறியது. சுற்றிலும் இரும்பு கறுப்பாக இருக்க, அந்தப் பட்டை மட்டும் வெள்ளிச் சாம்பல்.

"மேஸ்திரி, யாரோ பட்டி போட்டிருக்காங்க போல" என்றேன் பெரிய மேதாவி மாதிரி.

"பட்டியா? சாவிய வச்சுக் கீறிப் பாரு."

கீறினேன். பளபளவென்று கோடு விழுந்தது. காந்தம் வைத்தேன். ஒட்டவில்லை.

"ஈயம் கண்ணு. ரிப்பேர் பண்ணுனதில்ல. வண்டி பொறக்கையிலயே வச்சது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. புதுக் காருக்கு எதற்கு ஈயம்? ஒட்டுப்போட்டா விற்றார்கள்?

ஆமாம், கிட்டத்தட்ட அப்படித்தான். இன்றைக்கு ஒரு காரின் முழுப் பக்கத்தையும் ஒரே தகட்டில் அழுத்தி எடுத்துவிடுகிறார்கள். அன்றைக்கு அவ்வளவு பெரிய தகடும் கிடையாது, அதை அழுத்தும் பிரஸ்ஸும் கிடையாது. ஜெனரல் மோட்டார்ஸே காரின் கூரை முழுவதையும் ஒரே இரும்புத் தகடாகக் கொண்டுவந்தது 1935-ம் வருட மாடல்களில்தான். 'டரட் டாப்' என்று பெயர் வைத்து ஊரெல்லாம் விளம்பரம் செய்தார்கள். அதற்கு முன்னால் பெரும்பாலான மூடிய கார்களில் கூரையின் நடுப்பகுதி துணிதான்! கூரை ஒரு துண்டு, பின்பக்கம் ஒரு துண்டு, முன்கண்ணாடித் தூண் ஒரு துண்டு என்று செய்து வெல்டு வைப்பார்கள். வெல்டு வைத்த இடத்தில் மேடும் பள்ளமும் வரும். மேட்டைத் தேய்த்துச் சமமாக்கினால் தகடு மெலிந்து போகும். அதனால் இணைப்பு வரும் இடத்தைக் கொஞ்சம் உள்வாங்கினாற்போல அமைத்து, அந்தப் பள்ளத்தை ஈயத்தால் நிரப்பி, அரத்தால் ராவி, மேலே பெயின்ட் அடித்தார்கள். பார்க்கிறவன் "அடேங்கப்பா, ஒரே வார்ப்பு" என்று நினைத்துக்கொள்வான்.

அமெரிக்கா மட்டுமில்லை. 1961-ல் வந்து உலகத்தையே கிறங்கடித்த இங்கிலாந்துக்காரர்களின் ஜாகுவார் இ-டைப் இருக்கிறதே, அந்த வழுவழுப்புக்குள்ளும் ஈயம் வைத்த இணைப்புகள் உண்டு. ஊரில் கேலியாகச் சொல்வார்களே, ஈயம் பூசின மாதிரியும் இருக்கணும், பூசாத மாதிரியும் இருக்கணும் என்று. அது கேலி இல்லை மக்களே, கார் கம்பெனிகள் கொடுத்த ஸ்பெசிஃபிகேஷன். :-)

இனிமேல் கொஞ்சம் பாடம். தூங்குகிறவர்கள் அடுத்த இரண்டு பத்தியைத் தாண்டிப் போகலாம்.

தமிழில் நமக்கு இரண்டு ஈயம் உண்டு. காரீயம் ஒன்று, வெள்ளீயம் ஒன்று. பாட்டி ரசம் வைத்த ஈயச்சொம்பு வெள்ளீயம். காரீயம்தான் விஷம். காரில் வைத்தது இரண்டும் கலந்தது. பொதுவாக 70 பங்கு காரீயம், 30 பங்கு வெள்ளீயம். ஏன் இந்தக் கணக்கு? இரண்டாம் வருடம் மெட்டலர்ஜி பேப்பரில் ஒரு வரைபடத்தை மனப்பாடம் பண்ணி வரைந்தோமே, நினைவிருக்கிறதா? காரீயம்-வெள்ளீயம் ஃபேஸ் டயகிராம். காரீயம் தனியாக 327 டிகிரியில் உருகும். வெள்ளீயம் தனியாக 232-ல் உருகும். 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு காரீயமும் கலந்தால் 183 டிகிரியில் டபக்கென்று தண்ணீராகிவிடும். ரேடியோ, டிவி ரிப்பேர்க் கடையில் வைத்திருந்த சால்டர் அது. ஆனால் 70-30 கலவை அப்படி இல்லை. 183-ல் இளக ஆரம்பித்து, முழுசாக உருக 255 டிகிரிக்கு மேலே போக வேண்டும். நடுவில் இருக்கிற எழுபது டிகிரி இடைவெளியில் அது திடமும் இல்லை, திரவமும் இல்லை. சப்பாத்தி மாவு மாதிரி இருக்கும்.

நான் அந்த வரைபடத்துக்கு எட்டு மார்க் வாங்கியவன். அது எதற்கு என்று எனக்குத் தெரியாது. பத்தாவதைத் தாண்டாத மேஸ்திரி அந்த எழுபது டிகிரிக்குள்ளேயே முப்பத்தெட்டு வருஷம் பிழைத்திருக்கிறார்.

ஒரு நாள் எனக்காகச் செய்து காட்டினார். செவர்லேயின் கதவுக்குக் கீழே துரு தின்ற இடத்தில் புதுத் தகடு வைத்து வெல்டு அடித்திருந்தார்கள். முதலில் தகடு வெள்ளையாகும்வரை தேய்த்தார். உப்பு அமிலத்தில் துத்தநாகத் துண்டுகளைப் போட்டுக் கரைத்து வைத்திருந்த ஆசிட்டைத் தடவினார். கேஸ் டார்ச்சின் தீயைச் சீறவிடாமல் மெதுவாக, தடவுகிற மாதிரி காட்டினார். ஈயக் குச்சியைத் தொட்டுத் தொட்டு எடுத்து, சூட்டோடு பஞ்சுத் துணியால் ஒரு இழுப்பு. இரும்பு மேல் கண்ணாடி மாதிரி ஒரு படலம் ஓடியது.

"இது ஒட்டுனாத்தான் கண்ணு மத்ததெல்லாம். இது ஒட்டலீன்னா மேல எவ்வளவு வச்சாலும் ஒரு நாளைக்குக் கழண்டுக்கும்."

அவர் சொன்னது புத்தகத்திலும் இருக்கிறது. காரீயத்துக்கும் இரும்புக்கும் ஒத்தே வராது. ஒன்றில் ஒன்று கரையாது. இரும்போடு சேர்ந்து ஒரு மெல்லிய உலோகச் சேர்மத்தை உண்டாக்குவது வெள்ளீயம்தான். வெள்ளீயம் இரும்பின் கையைப் பிடித்துக்கொள்கிறது. காரீயம் வெள்ளீயத்தின் தோளில் உட்கார்ந்து வருகிறது. இன்றைய பட்டி தகட்டின் சொரசொரப்பைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு நிற்பது. ஈயம் அப்படியில்லை, தகட்டோடு பிறந்த மாதிரி ஆகிவிடும்.

அப்புறம் குச்சியைச் சூடாக்கி, தளர்ந்ததும் பொட்டுப் பொட்டாக ஒத்தி வைத்தார். கருவேலங்கட்டையில் செதுக்கிய ஒரு கரண்டி வைத்திருந்தார். அதைத் தேன்மெழுகில் தேய்த்துக்கொண்டார், இல்லாவிட்டால் ஈயம் கட்டையில் ஒட்டிக்கொள்ளும். தீயைக் காட்டுவது, எடுப்பது, கட்டையால் தள்ளுவது. சூடு கூடினால் மொத்தமும் ஒழுகித் தரையில் கொட்டிவிடும். குறைந்தால் பொரிபொரியாகப் பிரியும். செங்குத்தான கதவில், கூரையின் வளைவில் எல்லாம் அதை நிறுத்தி வைக்க வேண்டும். எனக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்தார். என் ஷூ மேலேதான் ஊற்றினேன். ஷூ போட்டிருந்தது பூர்வ ஜென்ம புண்ணியம்.

கடைசியில் சமையல் சோடா கலந்த தண்ணீரில் நன்றாகக் கழுவினார். ஆசிட் மிச்சம் இருந்தால் ஆறு மாதம் கழித்துப் பெயின்ட் கொப்பளிக்கும்.

இந்த வித்தையில் ஆடித் தீர்த்தவர்கள் கலிபோர்னியாக்காரர்கள். 1940, 50-களில் அங்கே இளவட்டங்கள் மெர்க்குரி கார்களின் கூரையை அறுத்து, தூண்களைக் குட்டையாக்கி மறுபடி ஒட்டி, கைப்பிடி, பட்டை, இணைப்பு எல்லாவற்றையும் ஈயம் வைத்து வழித்துவிடுவார்கள். ஒரு காருக்கே கிலோக்கணக்கில் ஈயம் ஏறும். இரும்பைவிட ஒன்றரை மடங்கு கனம் அல்லவா காரீயம்? அதனால் அந்த வண்டிகளுக்கு 'லெட் ஸ்லெட்' என்று பட்டப்பெயர். சாம் பாரிஸ், ஜார்ஜ் பாரிஸ் என்ற அண்ணன் தம்பி கடையில் 1952-ல் பாப் ஹிரோஹாட்டா என்பவருக்காகச் செய்த 1951 மெர்க்குரிதான் அந்தக் கூட்டத்துக்கு மகாராஜா. அந்தக் கார் 2022 ஜனவரியில் ஏலத்தில் 19.5 லட்சம் டாலருக்குப் போனது. நடுவில் ஒரு காலத்தில் ஒரு பள்ளிக்கூடத்துப் பையன் அதை 500 டாலருக்கு வாங்கினான் என்பதைப் படித்துவிட்டு இரண்டு நாள் தூக்கம் வரவில்லை.

1950-களின் நடுவில் பாலியெஸ்டர் பட்டி வந்தது. பிசினும் டால்க் பவுடரும் கலந்த கூழ். கொஞ்சம் ஹார்டனர் கலந்து தடவினால் கால் மணி நேரத்தில் இறுகிவிடும். தீ வேண்டாம், கட்டை வேண்டாம், முப்பத்தெட்டு வருஷமும் வேண்டாம்.

"எங்கப்பன் தெருத் தெருவாப் போயி பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுனவரு. நவச்சாரமும் பஞ்சும் அவரு கையில இருந்து நான் கத்துக்கிட்டது. அவர எவர்சில்வர் முடிச்சுது. என்னைய பட்டி முடிச்சுது" என்று சிரித்தார் மேஸ்திரி. பித்தளை ஈயத்தைப் பார்த்து இளித்தது பழமொழியில். நிஜத்தில் எவர்சில்வர் வந்து இரண்டையும் பார்த்து இளித்துவிட்டது.

இதுவரைக்கும் கதை நன்றாகத்தான் போகிறது இல்லையா? இங்கேதான் நான் செய்த காரியம் வருகிறது.

ஓனருக்கு அவசரம். கண்காட்சிக்குத் தேதி குறித்தாயிற்று. மேஸ்திரி இரண்டு நாள் வரவில்லை, சொந்தத்தில் ஏதோ விசேஷம். கூரை இணைப்பில் பழைய ஈயத்தின் மேடு பள்ளத்தைச் சரி செய்ய வேண்டும். மேஸ்திரி எப்போதும் பெரிய பல் வைத்த வளைந்த அரத்தால் ராவுவார். கை வலிக்கும், நேரம் ஆகும். "கிரைண்டர்ல சாண்டிங் டிஸ்க் மாட்டி அடிச்சு விடு தம்பி" என்றார்கள். அடித்தேன். இரண்டு நாள். மாஸ்க் யாரும் கொடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. சாம்பல் நிறத் தூசி மூக்கில், முடியில், சட்டையில். அதே கையோடு டீயும் பஜ்ஜியும்.

வீட்டில் அப்போது அக்கா வந்திருந்தாள். அவள் பையனுக்கு ஒன்றரை வயது. நான் கேட்டைத் திறந்தாலே "மாம்மா" என்று ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்வான். தூக்கினால் என் சட்டைக் காலரை வாயில் வைத்துச் சப்புவான். பல் முளைக்கிற வயது.

மூன்றாம் நாள் மேஸ்திரி வந்தார். கூரையைப் பார்த்தார். தரையில் படிந்திருந்த தூசியை விரலால் தொட்டுப் பார்த்தார். சத்தம் போடுவார் என்று நினைத்தேன். போடவில்லை.

"மிஷின் போட்டியா?"

"ஆமாங்க."

"ஊட்டுல சின்னக் கொழந்த இருக்குதா?"

எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஏன் கேட்கிறார் என்று புரியாமலேயே கலக்கியது.

அவருக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் சொன்ன விதி ஒன்றுதான்: ஈயத்துக்கு அரம் மட்டும், மிஷின் கூடாது. அவர் சொன்ன காரணம் உடம்பு இல்லை, காசு. சீவலாக விழுந்தால் கூட்டி அள்ளி மறுபடி உருக்கலாம், தூசாகப் பறந்தால் காசு போச்சு. அந்தக் கஞ்சத்தனம் தெரியாமலேயே பல பேரைக் காப்பாற்றியிருக்கிறது. ஏனென்றால் இந்த வேலையின் சூட்டில் காரீயம் ஆவியாவது மிகக் குறைவு. ஆபத்து தூசியில்தான். அமெரிக்கத் தொழிற்சாலைகளில் ஈயம் தேய்ப்பதற்கென்றே தனி அறை வைத்து, குழாய் வழியாகச் சுத்தமான காற்று வரும் தலைக்கவசத்தோடுதான் ஆட்களை உள்ளே அனுப்பினார்கள். எனக்குக் கர்ச்சீப்கூட இல்லை.

மேஸ்திரி டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார். "கிரைண்டர் புதுசா வந்தப்ப நானும் மூணு நாலு வருஷம் அடிச்சேன் கண்ணு. அந்தத் துணியோட போயித்தான் கொழந்தைகளத் தூக்குவேன். பெரிய புள்ளைக்குப் படிப்பே ஏறல. புத்திசாலிப் புள்ளைதான், ஆனா நிக்காது. அது இதனாலயா, வேற எதனாலயான்னு யாருக்குத் தெரியும். தெரியாதது நல்லதா கெட்டதான்னும் தெரியல."

அன்றைக்கு ராத்திரி நான் படித்ததையெல்லாம் இங்கே எழுதினால் உங்களுக்கும் தூக்கம் போகும். சுருக்கமாக: குழந்தைகள் ரத்தத்தில் காரீயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்றே தெரியவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். அமெரிக்காவில் 2021-லிருந்து ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 3.5 மைக்ரோகிராம் இருந்தாலே கவனிக்கச் சொல்கிறார்கள். பெரியவர்களைவிடக் குழந்தைகளின் குடல் காரீயத்தை அதிகமாக உறிஞ்சும். ரத்தத்தில் பாதியாகக் குறைய ஒரு மாதம், எலும்புக்குப் போய்விட்டால் பல வருஷம். வேலை செய்கிறவனின் துணியிலும் முடியிலும் வீட்டுக்கு வருவது தனி வியாதியாகவே எழுதப்பட்டிருக்கிறது.

அக்காவிடம் சொன்னேன். அவள் திட்டவில்லை. பையனைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். திட்டியிருக்கலாம்.

இரண்டு பேருக்கும் ரத்தம் எடுத்தார்கள். ரிசல்ட் வர நாலு நாள். அந்த நாலு நாளும் பையன் என்னைப் பார்த்து "மாம்மா" என்று கை நீட்டினான், நான் தூக்கவில்லை. குளித்து, துணி மாற்றி, நகம் வெட்டி எல்லாம் ஆகியும் தூக்கவில்லை. அவனுக்கு ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே... சரி விடுங்கள்.

அவனுக்கு 3.5-க்குக் கீழே. எனக்கு 14. டாக்டர் தூசியை விட்டு விலகி இருக்கச் சொன்னார், இரண்டு மாதம் கழித்து மறுபடி பார்க்கச் சொன்னார். பார்த்தேன், 7. அக்கா அன்றைக்குத்தான் பழையபடி பேசினாள்.

மேஸ்திரியையும் டெஸ்ட் எடுக்கக் கூப்பிட்டேன். "எனக்கெதுக்கு கண்ணு? தெரிஞ்சு என்ன பண்றது?" என்று தட்டிவிட்டார். நான் விடவில்லை. கடைசியில் ஒரு நாள் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த காகிதத்தை எடுத்து நீட்டினார். "இங்கிலீசுல இருக்குது, படிச்சுச் சொல்லு." 41. அமெரிக்காவில் 1978-ல் போட்ட தொழிற்சாலை விதிப்படி 60 தொட்டால் ஆளை வேலையிலிருந்து விலக்க வேண்டும். அந்தக் கணக்கில் இவர் பாஸ். ஆனால் அந்த விதி பழசு என்று அங்கேயே ஒத்துக்கொண்டுவிட்டார்கள். கலிபோர்னியா 2025-ல் வேலையிடக் காற்றில் அனுமதித்த அளவை 50 மைக்ரோகிராமிலிருந்து 10-ஆகக் குறைத்தது. அதே கலிபோர்னியா, லெட் ஸ்லெட் கலிபோர்னியா.

இதையெல்லாம் அவரிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "அப்ப இந்த வேலையே தப்புங்கறியா?" என்றார்.

இந்தக் கேள்விக்குத்தான் எனக்கு ரொம்ப நாள் பதில் வரவில்லை. ஐரோப்பாவில் 2003 ஜூலையிலிருந்து புதுக் கார்களில், பேட்டரி மாதிரி சில விதிவிலக்குகள் போக, காரீயத்துக்குத் தடை. அது சரிதான். காரீயம் கலந்த பெட்ரோலை உலகத்தில் கடைசியாக 2021-ல் அல்ஜீரியா நிறுத்தியது. அதுவும் சரிதான். புதிதாக ஒரு கிராம்கூட வேண்டாம். ஆனால் ஏற்கெனவே கார்களுக்குள் இருக்கிற ஈயத்தை யார் பார்த்துக்கொள்வது? அதன் குணம் தெரிந்தவன் அரத்தால் ராவிச் சீவலை அள்ளுவான். தெரியாதவன் என்னை மாதிரி கிரைண்டரை எடுப்பான். இந்த வித்தை தெரிந்த கடைசி ஆள் போய்விட்டால் பழைய கார் ஒவ்வொன்றும் ஒரு தூசி மூட்டை. காரீயம் இல்லாத, வெள்ளீயமே பெரும்பங்கான ஈயக் குச்சிகளும் இப்போது உண்டு. விலை அதிகம், மாவுப் பதத்தில் நிற்கும் நேரம் குறைவு. அதை நிறுத்தி வைக்கவும் மேஸ்திரி மாதிரி கைதான் வேண்டும்.

ஆகவே என் பதில்: வேலை தப்பில்லை மேஸ்திரி. அவசரம்தான் தப்பு.

இதை அவரிடம் சொன்னபோது ஒன்றும் பேசவில்லை. போன வாரம் ஷெட்டுக்குப் போயிருந்தேன். செவர்லே போய்விட்டது, இணைப்பு எங்கே என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாதாம். கிரைண்டரில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது: 'ஈயத்துக்கு எடுக்காதே'. வேப்பமரத்தடிக் குழாயில் ஒரு சோப்பு, ஆணியில் வீட்டுக்குப் போடும் சட்டை. டீ வந்தது. மேஸ்திரி எழுந்து போய் முழங்கை வரைக்கும் இரண்டு தடவை கழுவிவிட்டு வந்து பஜ்ஜியை எடுத்தார்.

"பாக்கறியே, நீயும் போய்க் கழுவு" என்றார்.

நான் எதையுமே தொடவில்லை. இருந்தாலும் போய்க் கழுவினேன்.

பி.கு: பழைய கார் வைத்திருக்கும் அப்பா, தாத்தா, மாமா யாராவது உங்களுக்கு இருந்தால், பெயின்ட்டுக்கு அடியில் சாம்பல் பட்டை தெரிந்தால் தயவுசெய்து மிஷின் வைக்காதீர்கள். அரம், மாஸ்க், ஈரத் துணி, சோப்பு. அந்தத் துணியோடு குழந்தையைத் தூக்காதீர்கள். அவ்வளவுதான். அடுத்த முறை அரியர் ரிசல்ட்டோடு சந்திக்கிறேன், வேண்டிக்கொள்ளுங்கள்.